எட்டாத தூரத்தில் ஒரு ரிமோட்

அத்தியாயம் 6

"எனக்கு எம் புருசன் வெளிய வரணும். அதுக்கு மேல இன்னொண்ணும் வேணும். இதைச் செஞ்சவன் எவனா இருந்தாலும் சரி, அவன் நாசமாப் போறதை நான் எங் கண்ணால பாக்கணும். ரெண்டும் முடியும்னா சொல்லுங்க. இல்லேன்னா இப்பவே எந்திரிச்சுப் போறேன்."

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு லாட்ஜின் மாடியில் இருக்கிறது எங்கள் துப்பறியும் அலுவலகம். படியேறி வருகிறவர்களில் பாதிப் பேர் அழுதுகொண்டுதான் வருவார்கள். தங்கம் அழவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. பழி வாங்க வேண்டும் என்று நேராகச் சொல்கிறவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. நியாயம் வேண்டும் என்று சுற்றி வளைக்கிறவர்களும் அதையேதான் கேட்கிறார்கள், கொஞ்சம் பவுடர் போட்டுக் கேட்கிறார்கள்.

ஐரின் அக்கா பேனாவை மூடினார். "மணி என்ன, முரளி?"

"பதினொண்ணே கால்."

"நாலு மணிக்கு லூர்துராஜைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோயிருவாங்க. அதுக்குள்ள ரெண்டையும் முடிச்சுக் குடுக்கப் பாக்குறேன், தங்கம். ஆனா ரெண்டாவது கேட்டீங்களே, அதை அப்புறம் வேண்டாம்னு திருப்பிக் குடுக்க முடியாது. யோசிச்சுக்கங்க."

"யோசிச்சாச்சு" என்றாள் தங்கம்.

ஐரின் அக்கா போலீஸ் வயர்லெஸ் பிரிவில் பதினெட்டு வருடம் இருந்தவர். ஒரு நாள் மைக் திறந்திருப்பதை மறந்து, மேலதிகாரியைப் பார்த்து, "நீங்க சொல்றது பச்சைப் பொய்" என்று சொல்லிவிட்டார். மாவட்டம் முழுக்கக் கேட்டது. வேலையை விட்டு வந்துவிட்டார். நான் பாலமுரளி, அவருடைய உதவியாளன். வண்டியோட்டியும் நான்தான் என்று சொல்லிக்கொள்ள ஆசை, வண்டி மட்டும் இல்லை.

வழக்கு இதுதான். அவனியாபுரத்தில் விமான நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு புது நகர். அங்கே சுங்குடிச் சேலை வியாபாரி துளசிராமின் வீடு. கார் ஷெட்டுக்கு ரிமோட்டில் ஏறி இறங்கும் இரும்பு ஷட்டர். துளசிராம் தினமும் காலை எட்டே முக்காலுக்கு ஷட்டரைத் திறந்து, வாசல்படியில் சூடம் ஏற்றி, குனிந்து நெற்றியால் படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் காரை எடுப்பார். கடை ஷட்டரை அப்படித் திறந்து பழகியவர், வீட்டு ஷட்டரையும் விடவில்லை. அவருக்குக் காது மந்தம். கடைக்குப் போய்ச் சேரும்வரை காதில் மெஷின் மாட்டமாட்டார். போன வெள்ளிக்கிழமை அவர் குனிந்திருந்தபோது ஷட்டர் இறங்கியது. மோட்டார் ஓடிய சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. கழுத்து போய்விட்டது.

அவருடைய ரிமோட் பூஜைத் தட்டில் அப்படியே இருந்தது. இரண்டாவது ரிமோட் ஒன்று உண்டு, அது தொலைந்து வருஷக்கணக்காகிறது. ஆகவே மோட்டார் கோளாறு என்று போலீஸ் முடிவு கட்டியது. ஷட்டரை மாட்டியவர் லூர்துராஜ். போதாக்குறைக்கு, வியாழக்கிழமை மத்தியானம் லூர்துராஜ் ஒர்க்‌ஷாப்பின் நீலச் சட்டை போட்ட ஓர் ஆள் ஏணி வைத்து ஷட்டர் பெட்டியை நோண்டிக்கொண்டிருந்ததை, எதிரே துணி தேய்க்கும் அம்மா பார்த்திருக்கிறார். முகத்தைப் பார்க்கவில்லை. லூர்துராஜை நேற்று மாலை தூக்கிப் போய்விட்டார்கள்.

"வியாழக்கிழமை பூராம் அவரு காய்ச்சல்ல கெடந்தாரு. நாந்தேன் கஞ்சி வச்சுக் குடுத்தேன். பொண்டாட்டி சொன்னா சாட்சி இல்லையாம்ல" என்றாள் தங்கம்.

"பொண்டாட்டி எதிரா சொன்னா மட்டும் உடனே எழுதிக்குவாங்க" என்றேன்.

ஐரின் அக்கா என்னை முறைத்தார். நாங்கள் கிளம்பினோம்.

கீழே தங்கத்தின் அண்ணன் பெனடிக்ட் ஷேர் ஆட்டோவோடு காத்திருந்தார். நாற்பத்தைந்து வயது, ஒடிசலான உடம்பு, பேச்சில் பணிவு. ஏறி உட்கார்ந்ததும் ஆட்டோ ரேடியோ கொரகொரவென்று இரைந்தது.

"அண்ணே, இது எந்த ஸ்டேஷன்? மழை பெய்யுற சத்தத்தை மட்டும் போடுறாங்க?"

"ஒரு வாரமா இப்படித்தேன் மாப்ள. பாட்டு இல்லேன்னா காலேஜ்க்காரப் பயலுக ஏற மாட்டேங்கறானுக." அணைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அவனியாபுரத்தில் இறங்கியதும், பெனடிக்ட் அடுத்த சவாரிக்குப் போய்விட்டார். தங்கம் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "எங்க அண்ணன் ஒரு காலத்துல துளசிராம் வீட்டு டிரைவருக்கா. மேலூர் ரோட்டுல சைக்கிள்ல போன ஒரு ஆளை அடிச்சுக் கொன்னுட்டு ரெண்டு வருசம் ஜெயில்ல இருந்தாரு. குடிச்சுட்டு ஓட்டுனாருன்னு எம் புருசன் சொன்னாரு. நான் ஒரு தடவை கூடப் போய்ப் பாக்கல. அம்புட்டுக் கோவம். இப்ப எனக்கு ஒண்ணுன்னதும் ஓடியாந்து நிக்கிறாரு. ஒர்க்‌ஷாப்லயும் ரெண்டு மாசம் இவருக்குக் கூடமாட இருந்தாரு."

துணி தேய்க்கும் அம்மாவின் வண்டி நிழலில் தங்கத்தை உட்கார வைத்துவிட்டு, நாங்கள் துளசிராம் வீட்டுக்குப் போனோம்.

வாசலில் ஏட்டு ஒருவர் நாற்காலி போட்டுக் காவலிருந்தார். சனிக்கிழமை மதியத்திலிருந்து இரவு பகலாக யாராவது ஒருவர் இருக்கிறார்கள். எங்களைக் கண்டதும் உள்ளேயிருந்து துளசிராமின் தம்பி வெங்கடேஷ்பாபு வேகமாக வந்தார். நான் அவரிடம் வீட்டு மொழியிலேயே, சௌராஷ்டிராவில், வணக்கம் சொன்னேன். நம்மாள் என்று தெரிந்ததும் இரண்டு மடங்கு கோபம் வந்தது அவருக்கு. பிறகு ஏட்டுக்கும் புரியட்டும் என்று தமிழுக்கு வந்தார்.

"அந்த ஷட்டர்காரனுக்காக வந்திருக்கீங்களா? அவன் தூக்குல தொங்கணும். எங்க அண்ணனோட நான் ஒரு வருஷமாப் பேசலைதான். வீடு பிரிக்கிற சண்டை. காலையில அவர் முகத்துல முழிக்க வேண்டாம்னு தெருமுனை டீக்கடைக்குப் போயிருவேன். அன்னைக்கும் அங்கதான் இருந்தேன். ஸ்டாண்டு ஆட்டோக்காரங்க அம்புட்டுப் பேரும் பார்த்தாங்க, கடை கேமராவுலயும் இருக்கு. எங்கிட்ட பேசாமயே போயிட்டாரு. அதுக்கு அவன் பதில் சொல்லணும்."

"டீக்கடையில இருந்து இந்த ஷட்டர் தெரியுமா?" என்று கேட்டார் ஐரின் அக்கா.

"தெரியும். நடுவுல காலி பிளாட்டுதானே. தெரிஞ்சா என்ன? நூத்திருபது மீட்டர் இருக்கு. ரிமோட் வந்த அட்டையில இருபத்தஞ்சு மீட்டர்தான் எட்டும்னு போட்டிருக்கு. இன்ஸ்பெக்டரே படிச்சுக் காட்டினாரு."

"அழுத்திப் பாக்கலையா?"

"அதான் அட்டையில போட்டிருக்கே."

இன்ஸ்பெக்டர் தமிழ்மாறன் ஒரு காலத்தில் வயர்லெஸ் பிரிவில் அக்காவுக்குக் கீழே வேலை பார்த்தவர். அந்த விசுவாசத்தில், ஏட்டின் முன்னிலையில் துளசிராமின் ரிமோட்டை அழுத்திப் பார்க்க நாலு மணி வரை அனுமதி கொடுத்திருந்தார். ஷட்டரைப் பார்த்தபடியே பின்னோக்கி நடக்கும் வேலை எனக்கு. ஒவ்வொரு காலடிக்கும் ஓர் அழுத்து. அழுத்தும்போதெல்லாம் ரிமோட்டில் சிவப்பு விளக்கு மினுங்கும், ஷட்டர் அசையும். இருபத்திரண்டாவது அடியில் விளக்கு மினுங்கியது, ஷட்டர் அசையவில்லை.

"தாடைக்கு அடியில வச்சு அழுத்து" என்று கத்தினார் அக்கா.

"எதுக்கு?"

"உன் மண்டையும் ஏரியல்தான். இன்னைக்காவது உபயோகப்படட்டும்."

தாடையில் வைத்து அழுத்தினேன். ஷட்டர் நகர்ந்தது. முப்பதாவது அடியில் என் மண்டையும் கைவிட்டது. என் மூளைக்கு மொத்தம் எட்டு அடி சக்தி என்று ஏட்டு சாட்சியாக நின்று பார்த்தார்.

"அட்டை சொன்னது சரிதானே அக்கா. டீக்கடையில இருந்து எட்டாது."

"இன்னைக்கு எட்டாது" என்றார் அக்கா. அவர் ஷட்டருக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். தகரப் பெட்டியின் மூலையில் திருஷ்டிக்குக் கட்டும் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கின. "வெள்ளிக்கிழமை இந்த வீட்டுல சாவு. இன்னைக்குப் புதன். இந்தப் பழம் இன்னும் பெருசா வாடலை. யாரு மாத்துனது?"

ஏட்டு சொன்னார். "அது அழகம்மாள் கெழவிங்க. இந்தப் பக்கம் வீடு, கடை அம்புட்டுக்கும் சனிக்கிழமை சனிக்கிழமை அதுதான் மாத்தும். விடியக்காலமே வந்து மாத்திட்டுப் போயிருக்கும். நாங்க காவல் போட்டதே மத்தியானம்தான். வீட்டுக்காரங்க எல்லாம் பெரிய ஆஸ்பத்திரி மார்ச்சுவரியில இருந்தாங்க. சாவு விழுந்தது அதுக்குத் தெரிஞ்சிருக்காது."

அக்கா ஏட்டின் நாற்காலியை வாங்கிப் போட்டு ஏறினார். எலுமிச்சம்பழம் கட்டிய நூலுக்குப் பின்னால் தகரத்தில் ஒரு சின்ன ஓட்டை. அதிலிருந்து கறுப்பு வயர் ஒன்று விரற்கடை நீளத்துக்கு எட்டிப் பார்த்தது. நுனி வெட்டப்பட்டிருந்தது, உள்ளே செம்பு பளபளத்தது. இறங்கி வந்து, ஏட்டு காதில் விழாத தூரத்துக்கு என்னை இழுத்துப் போனார்.

"ரிமோட்டோட குரல் எட்டலைன்னா அது ரிமோட்டோட குத்தம் இல்ல, முரளி. கேக்குற காது அந்தத் தகரப் பெட்டிக்குள்ள அடைஞ்சு கெடக்கு. அந்தக் காதை ஒரு வயர் வச்சு வெளிய இழுத்து, காத்தாடத் தொங்க விட்டா, இருபது மீட்டர் கேட்டது நூத்தம்பது வரைக்கும் கேக்கும். யாரோ இழுத்து விட்டிருக்கான். வெளிய தொங்குற வயரை யாரும் கவனிக்கக் கூடாதுன்னு அதுலயே எலுமிச்சம்பழத்தைக் கோத்திருக்கான்."

எல்லோரும் தினமும் பார்க்கிற பொருள், ஆனால் ஒருவரும் கை வைக்கமாட்டார்கள். திருஷ்டிக் கயிற்றைத் தொட்டால் அதிலிருக்கிற திருஷ்டி நமக்கு வந்துவிடும் என்று படித்தவனும் ஒதுங்கித்தான் போவான். கொலைகாரனுடைய தந்திரத்தை அரை நிமிஷம் மெச்சினேன்.

"ஒருத்தரை மறந்துட்டான்" என்றார் அக்கா. "சனிக்கிழமைதோறும் அதைத் தொடுறதையே பொழப்பா வச்சிருக்கிற ஒருத்தர் இருக்காங்க."

பெனடிக்ட்டைப் போனில் கூப்பிட்டோம். பத்து நிமிஷத்தில் வந்தார். அவனியாபுரம் மார்க்கெட் முனையில் அக்கா அவரை நிறுத்தச் சொன்னார். "சந்துக்குள்ள ஆட்டோ போகாது. நீங்க இங்கயே இருங்க, தங்கத்துக்கு ஒரு சோடா வாங்கிக் குடுங்க." சந்து அப்படியொன்றும் குறுகல் இல்லை. இரண்டு ஆட்டோ போகும். அப்போது நான் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை, அக்காவுக்கு நடக்க ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

அழகம்மாள் ஒரு பழைய குடையைக் கூடைக்குப் பக்கத்தில் நட்டு, அந்த நிழலில் உட்கார்ந்து மிளகாய் கோத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆத்தி, அந்த வீட்டுலயா எழவு? அறுபது வீட்டுக்குக் கட்டுறேன் தாயி, ஒரு வீட்டுலயும் ஒண்ணும் ஆனதில்ல. எங் கை ராசியைக் கெடுத்துப்புட்டானே எவனோ." கிழவிக்கு உண்மையிலேயே ஆத்திரம். "நான் நூலுல கட்டினேன். போன சனிக்கிழமை போய்ப் பாத்தா நூலைக் காணோம். அதே பழம், அதே மிளகா, கறுப்பு வயர்ல கோத்துத் தொங்குது. தொரட்டி போட்டு இழுத்தேன், வரல. பக்கத்துச் சைக்கிள் கடையில கட்டிங் பிளேயர் வாங்கி நறுக்கிப்புட்டு, புது நூல்ல கட்டிட்டு வந்தேன்."

"அந்த வயர் எங்க ஆத்தா?"

"நல்ல வயரு. அதை ஏன் தூரப் போடுறேன்? இந்தா." அழகம்மாள் குடையைக் காட்டினார். உடைந்த குடைக்கம்பியை நிமிர்த்தி இறுக்கிக் கட்டியிருந்தது அந்தக் கொலைச் சாட்சி. பக்கத்துக் கடையில் நான் புதுக் கயிறு வாங்கி வந்து குடையைக் கட்டிக் கொடுத்தேன். துப்பறியும் தொழிலில் குடை ரிப்பேரும் அடக்கம் என்று யாரும் எனக்கு முன்னால் சொல்லவில்லை.

வயர் முழ நீளம் இருந்தது. அதில் ஒரு சாண் மட்டும் மேல்தோல் உரிக்கப்பட்டு, எலுமிச்சைச் சாறு பட்டுப் பச்சை பூத்திருந்தது. அடி நுனியில் விரல் பருமனுக்கு ஒரு இரும்புக் குமிழ்.

"பழம் நழுவாம நிக்கிறதுக்கு அந்தக் கொண்டை தோதா இருந்துச்சு" என்றார் அழகம்மாள்.

அக்கா அந்தக் குமிழை நெடுநேரம் பார்த்தார். பிறகு வயரைக் கைக்குட்டையில் சுற்றித் தன் பைக்குள் போட்டார். அவர் முகம் மாறிவிட்டது. "முரளி, ஆட்டோவுல ஏறினதும் வாயைத் திறக்காத. கெழவி எலுமிச்சம்பழம் விக்கிற கெழவி, அம்புட்டுதான். ஒண்ணும் கெடைக்கல."

"தங்கத்துகிட்டயும் சொல்லக் கூடாதா?"

"அவகிட்ட முக்கியமாச் சொல்லக் கூடாது."

மூன்று மணிக்கு எல்லோரும் தெருமுனை டீக்கடையில் இருந்தோம். இன்ஸ்பெக்டர் தமிழ்மாறன் கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தார். வெங்கடேஷ்பாபு பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார். தங்கம் ஒரு பெஞ்சின் ஓரத்தில், பெனடிக்ட் தினமும் வண்டி போடும் அந்தக் கடை ஸ்டாண்டிலேயே தன் ஆட்டோவின் மேல் சாய்ந்தபடி. காலி மனைகளுக்கு அந்தப் பக்கம், தூரத்தில், துளசிராம் வீட்டு ஷட்டர் பாதி ஏறி நின்றது. எலுமிச்சம்பழம் மஞ்சள் புள்ளியாகத் தெரிந்தது.

"ஒரே ஒரு சோதனை" என்றார் அக்கா. "துளசிராமைக் கொன்னவன் இந்தக் கடை வாசல்ல நின்னு ரிமோட்டை அழுத்தினான்னு நான் சொல்றேன்."

"மேடம், எட்டாது" என்றார் தமிழ்மாறன்.

"எட்டாதுன்னு நிரூபிச்சா நான் போயிடுறேன். வெங்கடேஷ்பாபு சார், நீங்களே அழுத்துங்க."

அக்காவின் கணக்கு அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. வயர் வெட்டுப்பட்டது கொலைகாரனுக்குத் தெரியாது. தினமும் வாசலில் ஏட்டு உட்கார்ந்திருப்பதால் கிட்டே போய்ப் பார்த்திருக்க முடியாது. பழம் தொங்குவதைப் பார்த்து, வயரும் தொங்குகிறது என்றே நம்பிக்கொண்டிருப்பான். அழுத்தினால் ஷட்டர் இறங்கிவிடும், தான் மாட்டிக்கொள்வோம் என்று பயப்படுவான். வெங்கடேஷ்பாபு இப்போது ரிமோட்டைத் தொடவே தயங்கப் போகிறார் என்று காத்திருந்தேன்.

அவர் ரிமோட்டைப் பிடுங்கினார், கட்டைவிரலை ஊன்றி ஒரு தடவைக்கு நாலு தடவை அழுத்தினார். நாலு தடவையும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஷட்டர் அசையவில்லை.

"போதுமா? இல்ல இன்னும் ரெண்டு தடவை அழுத்தணுமா?" என்று ரிமோட்டைப் பெஞ்சில் எறிந்தார். என் முகம் தொங்கிப்போயிற்று. ஒரு வருடம் பேசாத தம்பி. காலையிலிருந்து அவருக்கு நான் மனசுக்குள் விலங்கு மாட்டி வைத்திருந்தேன்.

அக்கா அசரவில்லை. "சாரோட கை கோவத்துல இருக்கு. பெனடிக்ட் தம்பி, நீங்க ஒரு தடவை அழுத்துங்க."

"நானா? எனக்கு இதுல என்னக்கா இருக்கு?"

"சும்மாதான். தங்கச்சி புருசனுக்காக."

பெனடிக்ட் ரிமோட்டை எடுத்தார். ஷட்டரைப் பார்த்தார், இரண்டு நொடி கூடுதலாகவே பார்த்தார். பிறகு கையை நீட்டி, கட்டைவிரலை மடக்கி அழுத்தினார். ஷட்டர் அசையவில்லை. "எனக்கும் எட்டல" என்று சிரித்தார்.

"விளக்கு எரியலையே" என்றார் ஐரின் அக்கா.

கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவரும் கையை நிறுத்திவிட்டார்.

"பட்டன்ல விரல் பட்டா விளக்கு எரியும். நீங்க பட்டனுக்குப் பக்கத்துல அழுத்துனீங்க. சாருக்கு எட்டாதுன்னு தெரியும், அதனால நாலு தடவை அழுத்துனாரு. சார் அழுத்தி அசையலைன்னாலும், அது கோவத்துல அழுத்துன குத்தம், உங்க கைக்கு எட்டிரும்னு நீங்க பயந்தீங்க. யாருக்குத் தம்பி அது எட்டும்னு தெரியும், வயர் இழுத்து விட்டவனைத் தவிர?"

"கை வழுக்கிருச்சுக்கா. இதை வச்சு என்னத்தச் சொல்ல முடியும்?"

"இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது" என்று ஒப்புக்கொண்டார் அக்கா. ஆட்டோவுக்குள் குனிந்து ரேடியோவைப் போட்டார். கொரகொரவென்று இரைந்தது. ரேடியோவை வெளியே இழுத்து, பின்பக்கத்தைக் காட்டினார். ஏரியல் சொருகும் துளை காலியாக இருந்தது. பையிலிருந்து அழகம்மாளின் வயரை எடுத்து, அந்த இரும்புக் குமிழைத் துளைக்குள் தள்ளினார். பொருத்தமாக உட்கார்ந்தது.

ரேடியோ தெளிவாகப் பேசியது. ஒரு பெண் குரல், கொத்தமல்லி விலை சொன்னது.

பெனடிக்ட் அதை அணைக்கக் கை நீட்டவில்லை. அப்போதும் அவர் முகத்தில் பயம் இல்லை. யோசித்துக்கொண்டிருந்தார். ரேடியோ சாமான் எந்த மெக்கானிக் கடையிலும் கிடைக்கும் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால், கோர்ட்டில் அது எடுபட்டிருக்கவும் கூடும்.

தங்கம் பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"அண்ணே. வியாழக்கிழமை சாயங்காலம் எம் புருசன் ஒர்க்‌ஷாப் நீலச் சட்டை ஒண்ணை எங்கிட்டத் தொவைக்கப் போட்டீங்க. ஆட்டோ ரிப்பேர் பாத்தேன், அழுக்காயிருச்சுன்னு சொன்னீங்க. அதுல கிரீஸே இல்ல. துருவும் ஒட்டடையும் இருந்துச்சு. நான் கேக்கல." அவள் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "எழுதிக்கங்க சார். கையெழுத்துப் போடுறேன்."

பெனடிக்ட் அவளைப் பார்த்தார். பிறகு ஆட்டோ சீட்டுக்கு அடியிலிருந்த முதலுதவிப் பெட்டியைத் திறந்து, பஞ்சுக்குக் கீழேயிருந்து ஒரு ரிமோட்டை எடுத்துப் பெஞ்சில் வைத்தார். தொலைந்துபோனதாகச் சொன்ன இரண்டாவது ரிமோட்.

"டிரைவரா இருந்தப்ப எங்கிட்டத்தேன் இருந்துச்சு. திருப்பிக் கேக்க அவங்களுக்கு ஞாபகம் இல்ல. ஜெயிலுக்குப் போனவங்கிட்ட என்ன இருக்கும்னு நெனச்சிருப்பாங்க." குரலை உயர்த்தாமல் பேசினார். "மேலூர் ரோட்டுல வண்டி ஓட்டுனது நான் இல்ல, தங்கம். மொதலாளி. ஆசைக்கு ஓட்டிப் பாக்குறேன்னு ஸ்டியரிங்கை வாங்குனாரு. சைக்கிள்காரரை அடிச்சதும் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. நீ ஒத்துக்க, அம்மாவை நான் பாத்துக்கிறேன், வந்ததும் அதே வேலைன்னாரு. நான் மாட்டேன்னுதேன் சொன்னேன். ராத்திரி பூராம் ஒக்காந்து எம் மனசைக் கரைச்சது உம் புருசன்."

தங்கத்தின் கை பெஞ்சைப் பிடித்தது.

"அஞ்சாவது மாசம் அம்மா செத்துப்போச்சு. எனக்குச் சேதி வந்தது பதினோராம் நாள். வெளிய வந்து அந்த வீட்டு வாசல்ல போய் நின்னேன். மொதலாளி காருக்குள்ள இருந்தாரு. என்னை ஒரு பார்வை பாத்தாரு, ரிமோட்டை அழுத்துனாரு. எம் மூஞ்சிக்கு நேரா ஷட்டர் எறங்குச்சு. ஷட்டர்தேன் புதுசு, மோட்டாரு பழசு, எங்கிட்ட இருந்த ரிமோட் அதுக்கும் செல்லும். யாரு மாட்டுனதுன்னு பாத்தேன். லூர்துராஜ்னு பேர் போட்டிருந்துச்சு. அவருக்கு வீடு, கடை எல்லா ஷட்டர் வேலையும் எப்படிக் கெடைச்சதுன்னு அப்பத்தேன் புரிஞ்சுச்சு. நான் உள்ள கெடந்ததுக்குக் கூலி அது."

"அதனால கொன்னுட்டு, பழியை மச்சான் மேல போட்டீங்க" என்றார் தமிழ்மாறன்.

"கவனக்குறைவால மரணம்னு கேஸ் போட்டா ரெண்டு வருசம் கெடைக்கும்னு வக்கீல் சொன்னாரு. ரெண்டு வருசம்தேன். நான் இருந்த அம்புட்டு. அவரும் அம்புட்டு நாள் உள்ள இருந்திருந்தா எனக்குக் கணக்கு முடிஞ்சிருக்கும்."

வெங்கடேஷ்பாபு அடிக்கப் பாய்வார் என்று நான் குறுக்கே போய் நின்றேன். அவர் பாயவில்லை. ஒரு வருடமாகப் பேசாத அண்ணனைப் பற்றி இப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறவர் போல, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

எழுதுவதை எழுதி, நாலே காலுக்கு லூர்துராஜை விட்டார்கள். அவனியாபுரம் ஸ்டேஷன் வாசலில் நாங்கள் மூவரும் நின்றோம். எதிர்க்கடையில் தங்கம் ஓர் இட்லிப் பொட்டலம் கட்டி வாங்கி வைத்திருந்தாள். லூர்துராஜ் சவரம் செய்யாத முகத்தோடு வெளியே வந்து, ஐரின் அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டான். பிறகு மனைவியிடம் வந்து பொட்டலத்துக்குக் கையை நீட்டினான்.

"மேலூர் கேஸ்ல வண்டி ஓட்டுனது யாரு?" என்று கேட்டாள் தங்கம்.

அவன் என்னைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். "இப்ப எதுக்கு அந்தப் பழைய கதை? வா, வீட்டுக்குப் போலாம்."

தங்கம் அவனைத் தாண்டிப் படியேறிப் போய், உள்ளே இருந்த ஏட்டிடம் பொட்டலத்தைக் கொடுத்தாள். "எங்க அண்ணனுக்கு. மத்தியானம் அவரு சாப்பிடல." திரும்பி வந்து, இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துப் புருஷனுடைய உள்ளங்கையில் வைத்தாள்.

"எங்க அண்ணனை நான்தேன் புடிச்சுக் குடுத்தேன். அது எம் பாவம், நான் சுமந்துக்கிறேன். அவன் குடிகாரன், கொலைகாரன்னு சொல்லி ரெண்டு வருசம் என்னைப் போகவிடாமப் பண்ணுனியே, அது உன்னோடது. இனிமே வாராவாரம் ஜெயிலுக்குப் போறேன். உன் வீட்டுக்குத்தேன் வரமாட்டேன்."

லூர்துராஜ் சாவியைப் பிடித்தபடி நின்றான். அவள் ரோட்டைக் கடந்து, வந்த முதல் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அது எந்த ஊர் பஸ் என்று அவள் பார்த்த மாதிரி எனக்குத் தெரியவில்லை.